நானோ மருந்து மேல நம்ம ரத்தம் பூசுற உறை: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கீமோ மருந்துகள் பத்தி எழுதினப்ப நானோ மருந்துன்னு ஒரு பத்தி வந்துச்சு, அந்த ஒரு பத்திக்கே கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து இவ்ளோ கேள்வி வரும்னு நான் எதிர்பாக்கல. எல்லாத்தையும் வாசிச்சுப் பாத்தா முக்கால்வாசி கேள்விக்கு அடியில ஒரே விஷயம்தான் கிடக்குது. நானோ துகள் ரத்தத்துல இறங்குன உடனே ரத்தத்துல மிதக்குற புரோட்டீன் எல்லாம் அது மேல ஒட்டிக்கும், அதுக்கப்புறம் லிவரும் கிட்னியும் வெள்ளை அணுக்களும் பாக்குறது அந்தப் புரோட்டீன் உறையத்தான், கம்பெனி செஞ்ச துகள் உள்ள மறைஞ்சு போயிடும். இத விஞ்ஞானிங்க புரோட்டீன் கொரோனான்னு சொல்றாங்க, வைரஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: சார், எங்க அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். பேக்ளிடாக்ஸல் போடணும்னு சொல்லிட்டு, அதுலயே சாதாரணம் ஒண்ணு இருக்கு, நானோ ஒண்ணு இருக்கு, நானோ விலை ஜாஸ்தின்னு சொன்னாங்க. ஒரே மருந்துன்னா எதுக்கு ரெண்டு விதம்? எது வாங்குறதுன்னு தெரியாம வீட்ல ஒரே குழப்பம்.
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: அம்மா சீக்கிரம் தேறி வரணும்னு முதல்ல வேண்டிக்கிறேன்மா. மருந்து ஒண்ணேதான், அத ரத்தத்துக்குள்ள கொண்டுபோற முறைதான் வேற. பேக்ளிடாக்ஸல் தண்ணியில கரையவே கரையாது. அதனால பழைய முறையில, விளக்கெண்ணெய ரசாயன முறையில மாத்தி எடுத்த ஒரு திரவத்துலயும் ஆல்கஹால்லயும் கரைச்சு வச்சிருப்பாங்க, நிறைய பேருக்கு மூச்சு முட்டுறது, தடிப்பு, பிரஷர் இறங்குறதுன்னு வர்ற அலர்ஜியில பெரும்பங்கு அந்தத் திரவத்தால வர்றதுதான். அதுக்காகத்தான் முன்கூட்டியே ஸ்டீராய்டும் அலர்ஜி ஊசியும் போட்டுட்டு மூணு மணி நேரம் மெதுவா ஓட விடுறாங்க.

நானோன்னு உங்ககிட்ட சொன்னது ஆல்புமின் சேர்த்த பேக்ளிடாக்ஸலா இருக்கும். அமெரிக்காவுல 2005ல அனுமதி வாங்குச்சு. மனுஷ ரத்தத்துல இருக்குற அதே ஆல்புமின் புரோட்டீனோட மருந்த சேர்த்து சுமார் 130 நானோமீட்டர் அளவுல துகளா ஆக்கியிருக்காங்க, ஒரு தலைமுடியோட தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் வரும்னா அளவ நீங்களே பாத்துக்கங்க. ஆல்புமின் நம்ம லிவர் தினமும் செய்யுற சரக்கு, ரத்தத்துல லிட்டருக்கு 35ல இருந்து 50 கிராம் வரைக்கும் இருக்கும், பிளாஸ்மாங்கற, அணுக்கள எடுத்துட்டா மிஞ்சுற ரத்தத் திரவத்துல இருக்கிற புரோட்டீன்ல பாதிக்கு மேல அதுதான். ரத்தம் எந்தப் புரோட்டீன முதல்ல ஒட்ட வைக்குமோ அதையே முன்கூட்டி சேர்த்து அனுப்புறாங்க, இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை. உள்ள போன கொஞ்ச நேரத்துலயே அந்தத் துகள் உடைஞ்சு, மருந்தும் ஆல்புமினுமா சின்னச் சின்னத் துண்டா பிரிஞ்சுடும், அதனால உடம்புல துகள் தங்கிடுமோன்னு பயப்பட வேண்டாம். விளக்கெண்ணெய்த் திரவம் கிடையாது, அலர்ஜி கம்மி, அரை மணி நேரத்துல ஏத்தி முடிச்சுடலாம்.

ஆனா இன்னொரு பக்கமும் சொல்லணும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை போடுற முறையில சாதாரணம் உடம்புப் பரப்பு சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம்னா இது 260 மில்லிகிராம், அளவு கூடுறதால கை கால் மரத்துப் போறது, ஊசி குத்துற மாதிரி இருக்கிறது இதுல கொஞ்சம் கூடுதலாவே வரலாம். அம்மாவுக்கு ஏற்கனவே சர்க்கரையால கால் மரத்திருந்தா அத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. சாதாரண பேக்ளிடாக்ஸல் 1990கள்ல இருந்து லட்சக்கணக்கான பேருக்கு உசுர் கொடுத்துக்கிட்டு இருக்கிற மருந்து, விலை கட்டுப்படியாகலன்னு அத எடுத்துக்கிட்டா அம்மாவுக்குக் குறை வச்சுட்டோம்னு மனசப் போட்டு வருத்திக்காதீங்க.

கேள்வி: எம்.எஸ்.சி. படிக்கிறேன் சார். ஹார்டு கொரோனா, சாஃப்ட் கொரோனான்னு பாடத்துல வருது, மனப்பாடம் பண்ணி எழுதிடலாம், ஆனா ரத்தத்துக்குள்ள நிஜமா என்ன நடக்குதுன்னு புரியல. புராஜெக்ட்டுக்கும் இதத்தான் எடுக்கலாம்னு இருக்கேன்.
– ஒரு மாணவர், காலாப்பட்டு

பதில்: தம்பி, மனப்பாடம் வேணாம்னு நினைச்சியே, அதுக்கே சந்தோஷம். பிளாஸ்மாவுல லிட்டருக்கு 60ல இருந்து 80 கிராம் புரோட்டீன், வகையா எண்ணுனா ஆயிரக்கணக்குல வரும். இதுக்குள்ள ஒரு நானோ துகள் விழுந்தா அதோட மேற்பரப்பு சும்மா கிடக்கவே முடியாது, தண்ணிய வெறுக்குற இடங்கள், மின்சுமை இருக்கிற இடங்கள் எல்லாத்துலயும் புரோட்டீன் வந்து உக்காருது, சிலது உக்கார்ற வேகத்துல தன்னோட மடிப்பே கொஞ்சம் அவுந்து உருவம் மாறிடுது, அப்படி மாறினா உள்ள மறைஞ்சிருந்த பகுதி வெளிய தெரியுது, அத வெள்ளை அணு புதுசா ஏதோ வந்திருக்குன்னு எடுத்துக்குது.

யார் முதல்ல உக்கார்றாங்க, யார் கடைசி வரைக்கும் இருக்காங்கங்கறதுதான் இதுல சுவாரஸ்யமே. நம்ம திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்ல ரிசர்வேஷன் கோச் கதவு தொறந்ததும் டிக்கெட் இல்லாத கூட்டம்தான் முதல்ல ஏறி சீட்ட நிரப்பும், அப்புறம் நம்பர் வச்சிருக்கிறவங்க ஒவ்வொருத்தரா வந்து எழுப்பி உக்காருவாங்க இல்லையா, ரத்தத்துலயும் எண்ணிக்கையில ஜாஸ்தியா இருக்கிற, வேகமா நகர்ற ஆல்புமின் முதல்ல வந்து நிரப்புது, அப்புறம் நோய எதிர்க்குற இம்யூனோகுளோபுலின், ரத்தத்த உறைய வைக்குற ஃபைப்ரினோஜன்னு வந்து, அந்த ஃபைப்ரினோஜனையும் பெரிய கினினோஜன்னு ஒண்ணு வந்து தள்ளி விடுது. இத 1960கள்ல கண்ணாடி மாதிரியான பரப்புகள்ல கவனிச்சு எழுதினவர் லியோ வ்ரோமன், ஹாலந்துல 1915ல பொறந்து நியூயார்க்குல ரத்த ஆராய்ச்சி பண்ணவர், டச்சு மொழியில பேர் வாங்குன கவிஞரும் கூட. அவர் பேர்லயே இத வ்ரோமன் விளைவுன்னு சொல்றாங்க. நானோ துகளுக்குன்னு புரோட்டீன் கொரோனாங்கற சொல்ல நிலைநிறுத்துனது 2007ல, டப்ளின்ல கென்னத் டாஸன், ஸ்வீடன்ல சாரா லின்ஸே இவங்க குழு சேர்ந்து பண்ண வேலை.

இங்க ஒண்ணு கவனி. 2013ல ஜெர்மனியில மைன்ஸ் குழு சிலிக்கா துகள்லயும் பாலிஸ்டைரீன் துகள்லயும் நேரம் வச்சு பாத்தாங்க, அரை நிமிஷத்துக்குள்ளயே உறை உருவாயிடுது, அதுல கிட்டத்தட்ட 300 வகை புரோட்டீன் இருக்கு, அதுக்கப்புறம் நேரம் போகப் போக எது எவ்ளோ இருக்குங்கற அளவுதான் மாறுது, வகைகள் பெருசா மாறல. அதனால ஒருத்தர் முழுசா போய் இன்னொருத்தர் வர்றாங்கன்னு வ்ரோமன் விளைவ அப்படியே நானோ துகளுக்கு எழுதினா அது பாதி உண்மைதான். இன்னொண்ணு, ரத்தத்துல யார் ஜாஸ்தியோ அவங்கதான் துகள் மேலயும் ஜாஸ்தின்னு நினைக்காத. கொழுப்ப சுமக்குற அப்போலிப்போபுரோட்டீன் மாதிரி ரத்தத்துல கம்மியா இருக்கிற சிலது துகள் மேல ஏகத்துக்கும் சேர்ந்து கிடக்கும்.

இறுக்கமா ஒட்டி மணிக்கணக்குல நகராம இருக்கிற அடுக்கு ஹார்டு, அதுக்கு மேல வந்து வந்து போற அடுக்கு சாஃப்ட். லேப்ல துகள சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி, அடியில இறங்கினத கழுவி, ஜெல்லுல ஓட்டி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல கொடுக்குறோம்ல, அந்தக் கழுவுறதுலயே சாஃப்ட் அடுக்கு போயிடுது, அதனால நாம பெரும்பாலும் பேசுறதெல்லாம் ஹார்டு பத்தித்தான்.

புராஜெக்ட்டுக்கு நான் சொல்றத குறிச்சு வச்சுக்க. மாட்டுக்கன்னு சீரம் பத்து சதவீதம் கலந்த செல் கல்ச்சர்ல கிடைச்ச உறையும் முழு மனுஷ பிளாஸ்மாவுல கிடைக்கிற உறையும் வேற வேற. சீரத்துல ஃபைப்ரினோஜன் கிடையாது, உறைஞ்சு போயிருக்கும். பிளாஸ்மா எடுத்தா எந்த டியூப்ல எடுத்தன்னு எழுது, ரத்தம் உறையாம இருக்க ஈ.டி.டி.ஏ. போட்டா கால்சியமும் மெக்னீசியமும் போயி, காம்ப்ளிமென்ட்ங்கற எதிர்ப்புச் சக்திப் புரோட்டீன் கூட்டத்தோட வேலையே நின்னுடும், அப்ப காம்ப்ளிமென்ட் பத்தி நீ எதுவும் சொல்ல முடியாது, ஹெப்பாரின் போட்டா அது தானே புரோட்டீன் மேலயும் துகள் மேலயும் ஒட்டிக்கும். அழகான கிராஃப் போட்டு இந்த ஒரு வரிய எழுதாம விட்ட கட்டுரைங்கள நான் நம்பறதில்ல. மனுஷ ரத்தம்னா நெறிமுறைக் குழு அனுமதி இல்லாம தொடாத.

கேள்வி: எங்க அண்ணிக்கு ஆறு மாசம். ரத்தம் கம்மின்னு பி.எச்.சி.யில அயர்ன் சுக்ரோஸ் ட்ரிப்ஸ் ஏத்துறாங்க. யூடியூப்ல ஒருத்தர் அது நானோ துகள், வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆபத்துன்னு பேசுறார். அத கேட்டுட்டு அண்ணி அடுத்த தடவை போக மாட்டேன்னு உக்காந்திருக்காங்க.
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இந்தக் கடிதத்த வாசிச்சதும் முதல் பதிலா இதத்தான் எழுதணும்னு உக்காந்தேன்மா. அண்ணிய கூட்டிட்டுப் போங்க. அவர் சொன்னதுல நானோங்கறது உண்மை, ஆபத்துங்கறது அவர் சேர்த்தது. அயர்ன் சுக்ரோஸ்ல நடுவுல இரும்பு ஹைட்ராக்சைடு, சில நானோமீட்டர் அளவு, அத சுத்தி சர்க்கரைப் பொருள் உறை. அப்படி உறை போடாம வெறும் இரும்பு உப்ப நரம்புல ஏத்தினாதான் ஆபத்து, ஏன்னா கட்டில்லாத இரும்பு ரத்தக்குழாய எரிச்சு விடும்.

இந்தத் துகள் ரத்தத்துல இறங்குனதும் புரோட்டீனுங்க இது மேலயும் ஒட்டுது, லிவர், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில இருக்கிற மேக்ரோஃபேஜ் செல்லுங்க அத அள்ளி விழுங்குது. வேற நானோ மருந்துக்கு லிவர் விழுங்கிடுச்சேன்னு விஞ்ஞானிங்க தலையில கை வைப்பாங்க, இங்க விழுங்குறதுதான் நமக்கு வேணும், ஏன்னா அந்த செல்லுக்குள்ள போனாத்தான் துகள் பிரிஞ்சு இரும்பு வெளிய வந்து, டிரான்ஸ்ஃபெரின்ங்கற புரோட்டீன் அத ஏத்திக்கிட்டு மஜ்ஜைக்குப் போயி புது சிவப்பணு உருவாகும்.

மெதுவா ஏத்துறாங்களே, அதுக்கும் இதுலயே காரணம் இருக்கு. ரொம்ப வேகமா விட்டா டிரான்ஸ்ஃபெரின் எல்லாம் நிறைஞ்சு போயி மிச்ச இரும்பு தனியா சுத்தும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும், பிரஷர் இறங்கும். அதனாலதான் நார்மல் சலைன்ல கலந்து, சிஸ்டர் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டு ஏத்துறாங்க. பழைய இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசியில கடுமையான அலர்ஜி ஜாஸ்தி, அதோட ஒப்பிட்டா இது ரொம்பக் கம்மி, ஆனாலும் வசதி இருக்கிற இடத்துலதான் போடணும், வீட்டுக்கு ஆள் வரவச்சு போடவே கூடாது. முதல் மூணு மாசத்துல தவிர்ப்பாங்க, அண்ணிக்கு ஆறாவது மாசம், சரியான நேரம். பிரசவத்துல ரத்தம் போறப்ப கையில ஹீமோகுளோபின் இல்லாம இருக்கிறது எவ்ளோ பெரிய ஆபத்துன்னு அந்த யூடியூப்காரர் சொல்லல, அதுதான் எனக்கு கோவமா வருது. நம்ம ஊர்ல தாய்மார்கள் சாவுக்கு முன்னணிக் காரணம் பிரசவ ரத்தப்போக்கு, ரத்தசோகை இருந்தா அது இன்னும் மோசமாகும்.

கேள்வி: 2021ல எங்க மாமாவுக்கு கொரோனா வந்து சரியானப்புறம் கருப்பு பூஞ்சை வந்துச்சு. லிப்போசோமல் ஆம்போடெரிசின் கிடைக்காம நாங்க அலைஞ்ச அலைச்சல் கொஞ்ச நஞ்சமில்ல. சாதாரண ஆம்போடெரிசின் இருந்துச்சு, ஆனா அது வேணாம், இதத்தான் கொண்டாங்கன்னு சொன்னாங்க. அது ஏன்?
– ஒரு வாசகர், கடலூர் ஓ.டி.

பதில்: அந்த வருஷம் ஒவ்வொரு வீடும் பட்ட பாட்ட நினைச்சா இப்பவும் மனசு கனக்குதுங்க. ஆம்போடெரிசின் பூஞ்சையோட செல்சவ்வுல இருக்கிற எர்கோஸ்டெரால் மேல ஒட்டிக்கிட்டு சவ்வுல ஓட்டை போடும். நம்ம செல்லுல எர்கோஸ்டெரால் இல்ல, ஆனா அதுக்கு சொந்தக்காரனா கொலஸ்ட்ரால் இருக்கு, அதுலயும் கொஞ்சம் ஒட்டும். சாதாரண ஊசியா ஏத்துனா மருந்து தன்ன கரைச்சு வச்சிருக்கிற பொருள்ல இருந்து சீக்கிரமே கழண்டு, ரத்தத்துல கொலஸ்ட்ரால் சுமக்குற லிப்போபுரோட்டீனுங்க மேல ஏறிக்குது, அந்த வழியில கிட்னி செல்லுக்குள்ளயும் போயி சேருது. கிட்னி அடிபடுறதக் காட்டுற கிரியாட்டினின் ஏறுறதும் பொட்டாசியம் இறங்குறதும் குளிர் நடுக்கமும் அதனாலதான்.

லிப்போசோமல்னா 100 நானோமீட்டருக்கும் கம்மியான கொழுப்புக் குமிழோட சுவர்ல மருந்த இறுக்கமா பதிச்சு வச்சிருக்கிறது. குமிழ் ரத்தத்துல சுலபமா உடையாது, மருந்தும் புரோட்டீனுங்க கைக்கு மாறாம பூஞ்சை இருக்கிற இடம் வரைக்கும் போகுது, கிட்னிக்குப் போறது ரொம்பக் குறையுது. கருப்பு பூஞ்சைக்கு வாரக்கணக்குல, பெரிய அளவுல கொடுக்க வேண்டியிருக்கு, அதுவும் சர்க்கரையால ஏற்கனவே கிட்னி அடிபட்டவங்களுக்கு, சாதாரண ஊசியில அந்த அளவுக்குப் போக முடியாது. தட்டுப்பாட்டுக்கும் கணக்கு இருக்குங்க, ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம், மாமா 60 கிலோன்னா 300 மில்லிகிராம், ஒரு குப்பியில 50 மில்லிகிராம்தான், அப்ப ஒரு ஆளுக்கு தினமும் ஆறு குப்பி. குமிழ ஒரே அளவுல செய்யறது லேசான வேலை இல்ல, அதனால திடீர்னு உற்பத்திய கூட்டவும் முடியல. கிடைக்காதப்ப சாதாரண ஆம்போடெரிசினையே சலைன் நல்லா ஏத்தி, கிட்னிய தினமும் பாத்துப் பாத்து கொடுத்து காப்பாத்துன டாக்டருங்களும் இருக்காங்க.

கேள்வி: கோவிஷீல்டு, கோவாக்சின்லயும் நானோ துகள் போட்டாங்களா?
– ஒரு வாசகர், பண்ருட்டி

பதில்: இல்லைங்க. கொழுப்பு நானோ துகள் இருந்தது ஃபைசர், மாடர்னா எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள்ல. கோவிஷீல்டு வேற ஒரு வைரஸோட முதுகுல ஏத்தி அனுப்புனது, கோவாக்சின் செயலிழக்க வச்ச வைரஸ். நம்ம ஊர்ல கிட்டத்தட்ட எல்லாரும் போட்டது இந்த ரெண்டுல ஒண்ணுதான்.

கேள்வி: புரோட்டீன் ஒட்டுறதுதான் பிரச்சனைன்னா எதுவுமே ஒட்டாத துகள செஞ்சுட்டா போச்சே? இவ்ளோ வருஷம் ஆராய்ச்சி பண்றாங்க, ஏன் முடியல?
– ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், மஞ்சக்குப்பம்

பதில்: ஐயா, வணக்கம். நீங்க கேட்ட இதே கேள்வியிலதான் இந்தத் துறை முப்பது வருஷமா உக்காந்திருக்கு. துகள் மேல பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிய நட்டு வச்சா, சுருக்கமா பெக்னு சொல்றது, அது தண்ணிய இழுத்து வச்சுக்கிட்டு புரோட்டீன கிட்ட வரவிடாதுன்னுதான் முதல்ல சொன்னாங்க. 1995ல அமெரிக்காவுல அனுமதி வாங்குன டாக்சில், டாக்ஸோரூபிசின் மருந்த பெக் பூசுன லிப்போசோமுக்குள்ள வச்சது, நானோ மருந்துன்னு சொல்லத்தக்க முதல் அனுமதி அதுதான். சும்மா ஏத்துன டாக்ஸோரூபிசின் சில நிமிஷத்துல ரத்தத்த விட்டு திசுக்களுக்குப் போயிடும், இது ரெண்டு மூணு நாள் ரத்தத்துலயே சுத்தும்.

ஆனா எதுவும் ஒட்டாததாலதான் இது நடக்குதுன்னு நினைச்சதுதான் சரியா வரல. 2016ல மைன்ஸ்ல மேக்ஸ் பிளாங்க் பாலிமர் நிறுவனத்துல பாத்தப்ப, பெக் பூசுன துகள புரோட்டீனே இல்லாத திரவத்துல வச்சா செல்லுங்க விழுங்கத்தான் செய்யுது, பிளாஸ்மாவுல வச்சாத்தான் தப்பிக்குது, காரணம் கிளஸ்டெரின்னு ஒரு புரோட்டீன் பெக் மேல வந்து ஒட்டுது, அது இருந்தா வெள்ளை அணு தொடாம விடுது. அப்ப மறைக்கிறது பெக் மட்டும் இல்ல, ரத்தத்துல இருந்து அது தேர்ந்தெடுத்து ஒட்ட வைக்கிற புரோட்டீனும்தான். எதிர்ப்பக்கம் இம்யூனோகுளோபுலினும் காம்ப்ளிமென்ட் சி3யும் ஒட்டுனா, இது எடுத்து சாப்பிட வேண்டியதுன்னு குறி வச்ச மாதிரி, லிவர்ல இருக்கிற குப்ஃபர்ங்கற விழுங்குற செல்லுங்க அள்ளிக்கும். சுமார் 6 நானோமீட்டருக்குக் கீழ இருந்தா கிட்னி வடிகட்டி சிறுநீர்ல விட்டுடும், ஆனா அந்த அளவு துகள் மேல புரோட்டீன் ஒட்டுனா அளவு கூடி கிட்னி வழி அடைஞ்சு போயிடும்.

குறி பாத்து அனுப்புற கதையும் இப்படித்தான். புற்றுநோய் செல்லு மேல டிரான்ஸ்ஃபெரின் வாங்குற கொக்கி ஜாஸ்தி, அதனால துகள் மேல டிரான்ஸ்ஃபெரின நட்டு அனுப்புனாங்க. லேப் தட்டுல செல்லோட வச்சு பாத்தா அருமையா போயி ஒட்டுச்சு. 2013ல டாஸன் குழு அத ரத்தத்துல இருக்கிற புரோட்டீனோட சேர்த்து பாத்தாங்க, உறை மூடி, நட்டு வச்ச டிரான்ஸ்ஃபெரின் வெளிய தெரியாம போயி குறியே தவறிடுச்சு. 2016ல கனடாவுல டொரான்டோ குழு பத்து வருஷத்து விலங்கு ஆய்வுகள அலசி, ஏத்துன நானோ துகள்ல கட்டிக்குள்ள போயி சேர்றது நடுவுல இருக்கிற மதிப்பா 0.7 சதவீதம்தான்னு சொன்னாங்க. படிச்சப்ப எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு ஐயா, அதுக்கு உறை மட்டும் காரணம் இல்ல, லிவரும் கட்டியோட அமைப்பும் சேர்த்துத்தான், ஆனாலும் தட்டுல கிடைச்ச முடிவ வச்சுக்கிட்டு பத்திரிகையில புற்றுநோய்க்குத் தீர்வுன்னு எழுதுறவங்க இந்த எண்ண ஒரு தடவை பாக்கணும்.

இதுக்கு நல்ல முடிவா, சண்டை போடாம ரத்தத்தையே வேலை வாங்குனவங்களும் இருக்காங்க. 2018ல அனுமதி வாங்குன பேட்டிசிரான், ஒரு பரம்பரை நரம்பு நோய்க்கு உள்ள மருந்து. அந்த நோய்க்குக் காரணமான புரோட்டீன் லிவர்லதான் உருவாகுது, அங்க போயி அத நிறுத்தணும். கொழுப்பு நானோ துகள் மேல லேசா கழண்டு போற பெக் பூசுனாங்க, ரத்தத்துல போனதும் பெக் உதிருது, அந்த இடத்துல நம்ம ரத்தத்துல இருக்கிற அப்போலிப்போபுரோட்டீன் ஈ வந்து ஒட்டுது, கொலஸ்ட்ரால் வாங்குற கொக்கி வழியா லிவர் செல்லே அத உள்ள இழுத்துக்குது. முகவரிய கம்பெனி எழுதல, நோயாளியோட ரத்தம் எழுதுது. இப்ப டெக்சாஸ்ல ஒரு குழு கொழுப்புக் கலவையில இன்னொரு கொழுப்ப சேர்த்து வேற புரோட்டீன ஒட்ட வச்சு, எலியில நுரையீரலுக்கும் மண்ணீரலுக்கும் அனுப்பிக் காட்டியிருக்காங்க. நான் நம்பிக்கை வைக்கிறது இந்த வழியிலதான்.

கேள்வி: தங்க பஸ்பமும் நானோதான், நம்ம சித்தர்கள் அப்பவே கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றாங்களே? நானோ மஞ்சள் மாத்திரைன்னும் விக்கிறாங்க.
– ஒரு வாசகர், வில்லியனூர்

பதில்: புடம் போட்டு எடுத்த பஸ்பங்கள்ல நானோ அளவு துகள் இருக்கிறத மைக்ரோஸ்கோப்ல பாத்திருக்காங்க, அந்தக் கைத்திறனுக்கு என் மரியாதை உண்டு. ஆனா நானோன்னு ஒரே வார்த்தையில ஊசியையும் வாயில போடுறதையும் சேர்க்கக் கூடாதுங்க. வாயில போட்டா முதல்ல எச்சில், வயித்து அமிலம், பெப்சின், பித்த உப்பு, குடல் சளி எல்லாம் அது மேல ஒட்டும், தங்கத் துகள்ல பெரும்பகுதி ரத்தத்தையே பாக்காம வெளிய போயிடும். ரத்தத்துக்குப் போற சொச்சம் போறப்ப அது மேல இருக்கிற உறையே வேற. நானோ மஞ்சளும் அப்படித்தான், குடல்ல கொஞ்சம் கூடுதலா உறிஞ்ச வைக்கலாம், அதுக்கு மேல போட்டிருக்கிற வாக்குறுதிய நம்பி சர்க்கரை, கேன்சர் மாத்திரைய நிறுத்தாதீங்க. பஸ்பத்துல எனக்கிருக்கிற கவலை நானோ பத்தி இல்ல, சரியா செய்யாததுல பாதரசம், ஈயம், ஆர்செனிக் தங்கிடுறது பத்தி. பதிவு பெற்ற சித்த மருத்துவர்கிட்ட தவிர வேற எங்கயும் வாங்காதீங்க.

கேள்வி: எனக்கு பதினைஞ்சு வருஷமா சர்க்கரை. என் ரத்தத்துல இந்த உறை வேற மாதிரி இருக்குமா?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இருக்கும். ஒரே துகள வேற வேற நோயாளிங்க பிளாஸ்மாவுல போட்டுப் பாத்து, உறை ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் மாறுதுன்னு காட்டியிருக்காங்க. சர்க்கரையில ஆல்புமின் மேலயே சர்க்கரை ஒட்டியிருக்கும், ஃபைப்ரினோஜன் ஏறியிருக்கும், கொழுப்பு சுமக்குற புரோட்டீனுங்க விகிதம் மாறியிருக்கும். லிவர் கெட்டிருந்தா ஆல்புமினே குறைஞ்சிருக்கும், கர்ப்பத்துல வேற, காய்ச்சல்ல வேற. எலியில நல்லா வேலை செஞ்ச துகள் மனுஷங்ககிட்ட தடுமாறுறதுக்கு எலி ரத்தமும் நம்ம ரத்தமும் வேறங்கறதும் ஒரு காரணம். இத திருப்பிப் போட்டு, ஒட்டுன உறைய படிச்சு புற்றுநோய முன்கூட்டி கண்டுபிடிக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குது. ஆனா நீங்க லேப்ல போயி கேட்டு வாங்குற டெஸ்ட் இதுல எதுவும் இல்ல, சர்க்கரைய கட்டுப்பாட்டுல வச்சுக்கங்க, அது போதும்.

கேள்வி: அம்மாவுக்கு சினைப்பை கேன்சர். போன வாரம் சிவப்பு கலர் லிப்போசோம் ட்ரிப்ஸ் ஆரம்பிச்ச அஞ்சு நிமிஷத்துல முகம் சிவந்து, நெஞ்சு அடைக்குது, முதுகு வலிக்குதுன்னாங்க. சிஸ்டர் நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா மறுபடி போட்டாங்க, ஒண்ணும் ஆகல. அலர்ஜின்னா மறுபடி போடலாமா? தப்பு பண்ணிட்டாங்களா?
– ஒரு வாசகி, அரியாங்குப்பம்

பதில்: தப்பு இல்லம்மா, சரியாத்தான் பண்ணியிருக்காங்க. அம்மாவுக்குப் போட்டது மேல சொன்ன டாக்சில் மாதிரி, லிப்போசோமுக்குள்ள வச்ச டாக்ஸோரூபிசினா இருக்கும். இது பென்சிலின் அலர்ஜி மாதிரி முன்னாடியே பழகி வச்சிருந்த எதிர்ப்புல வர்றது இல்ல, முதல் தடவையிலயே வரும். துகள் மேல ஒட்டுற புரோட்டீன்ல காம்ப்ளிமென்ட்டும் இருக்குன்னு மேல சொன்னேன்ல, அது சில பேருக்கு வேகமா தூண்டப்பட்டு சில சின்னத் துண்டுகள ரத்தத்துல விடுது, அதுதான் முகச்சிவப்பு, நெஞ்சு இறுக்கம், முதுகு வலியெல்லாம். பத்துல ஒருத்தருக்கு இப்படி ஏதாவது வரும்னு வச்சுக்கலாம், பெரும்பாலும் முதல் டோஸ்ல. நிறுத்தினா அடங்கிடும், மெதுவா ஆரம்பிச்சா உடம்பு தாங்கிக்கும், அடுத்தடுத்த டோஸ்ல வர்றது குறைவு. அதனாலதான் இந்த மருந்த முதல்ல நிமிஷத்துக்கு ஒரு மில்லிகிராம்ங்கற வேகத்துல ஆரம்பிப்பாங்க. ஆனா சிலருக்கு இது கடுமையாவும் வரலாம், மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தா மறுபடி போடுறதா வேணாமாங்கறத டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

அடுத்த தடவை போறப்ப போன வாரம் நடந்தத முதல்லயே சிஸ்டர்கிட்ட சொல்லுங்க, வேற வார்டு, வேற ஆளா இருந்தாலும் சொல்லுங்க. முதல் அரை மணி நேரம் அம்மா பக்கத்துலயே உக்காருங்க, டீ வாங்கப் போறதெல்லாம் அப்புறம். லேசா ஏதாவது பண்ணுதுன்னு அம்மா சொன்னா உடனே கூப்பிடுங்க, சீக்கிரம் முடிஞ்சா பஸ் பிடிக்கலாம்னு ட்ரிப்ஸ் உருளைய நீங்களா தொடவே தொடாதீங்க. அடுத்த சில நாள் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிஞ்சா அதுவும் இந்த மருந்தால வர்றதுதான், சுடுதண்ணி, இறுக்கமான செருப்பு வேணாம், தோல் உரிய ஆரம்பிச்சா அடுத்த டோஸுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.